"வேலையை விடாம எல்எல்பி"ன்னு போஸ்டர் பாத்தா பணத்த கட்டிடாதீங்க

இத எழுதலாமா வேணாமான்னு ரெண்டு மாசமா யோசிச்சேன். அக்கவுண்ட்ஸ்ல வேலை பாக்குறவன் ரசீதக்கூட சரியா பாக்காம ஏமாந்தேன்னு சொல்லிக்க வெக்கமாத்தான் இருக்கு.

2022-ல பிகாம் முடிச்சு அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனில சேந்தேன். எங்க அப்பாவோட நிலத்து கேஸ் திண்டிவனம் கோர்ட்ல எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து வாய்தா வாய்தான்னே ஓடிட்டு இருக்கு, அவர்கூட போய் வராண்டால நின்னு நின்னே சட்டம் படிக்கணும்னு ஆசை வந்துடுச்சு, ஆனா வீட்டுக்கு என் சம்பளமும் வேணும். அந்த நேரம் பாத்து ஈபி பாக்ஸ்ல ஒரு போஸ்டர், "வேலை பார்த்துக்கொண்டே 3 வருட எல்எல்பி, வகுப்புக்கு வரத் தேவையில்லை".

செல்போன் கடைக்கு மேல ரெண்டாவது மாடி. ஏசி, கண்ணாடி கதவு, சுவத்துல நீதி தேவதை படம் வேற. அங்க இருந்த மேடம், "அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்துக்கு நாங்களே அப்ளிகேஷன் போட்டு உள்ள ஆள வச்சு கவர்மெண்ட் காலேஜ் சீட் வாங்கித் தரோம், வரலைன்னா ஆந்திரால ஒரு காலேஜ் இருக்கு, பரீட்சைக்கு மட்டும் போனா போதும்"னாங்க. 45,000 கட்டினேன். ஜிபேல வந்த பேரு கன்சல்டன்சி பேரே இல்ல, யாரோ ஒருத்தர் பேரு. வவுச்சர் புக்குல "சர்வீஸ் சார்ஜ்"னு மட்டும் எழுதி கிழிச்சு குடுத்தாங்க, சீல் கிடையாது. ஒரிஜினல் மார்க் ஷீட், டிசி எல்லாத்தையும் வெரிஃபிகேஷனுக்குன்னு வாங்கி வச்சுக்கிட்டாங்க.

ஒரு வாரம் கழிச்சு அப்ளிகேஷன் போட்டாச்சுன்னு ஒரு பிரிண்ட் அவுட் வாட்ஸப்ல வந்துச்சு, நானும் நம்பி அந்தப் பக்கமே எட்டிப் பாக்கல. ரேங்க் லிஸ்ட் வந்தப்போ என் பேரே இல்ல. அப்புறம்தான் அந்த பிரிண்ட் அவுட்ட பெருசாக்கிப் பாத்தேன், என் பேரு மட்டும் மத்த எழுத்தவிட கொஞ்சம் தடியா இருக்கு, அப்பா தொழில்னு இருக்குற இடத்துல டாக்டர்னு இருக்கு. எங்க அப்பா மல்லாட்டை (நிலக்கடலை) போடுறவரு. எவனோ ஒரு பையனோட அப்ளிகேஷன எடுத்து என் போட்டோவ ஒட்டியிருக்காங்க. அதுக்குள்ள கடைசி தேதி போயிடுச்சு, ஒரு வருஷம் அப்படியே காலி.

இதுல வயிறு எரியுறது என்னன்னா, நம்ம ஊர்ல 3 வருஷ எல்எல்பிக்கு நுழைவுத் தேர்வே கிடையாது, டிகிரி மார்க்க வச்சுத்தான் ரேங்க். பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம் இருந்தா அப்ளை பண்ணலாம், நான் 61. பிரவுசிங் சென்டர்ல உக்காந்தா அரை மணி நேர வேலை, செலவும் சில நூறு ரூபாதான்.

சரி ஆந்திராவுக்காவது போயிடலாமான்னு அப்பா கேஸ பாக்குற வக்கீல் சார்கிட்ட கேட்டேன். சிரிச்சாரு. "தம்பி, ஒவ்வொரு சப்ஜெக்ட்லயும் 70 சதவீதம் அட்டெண்டன்ஸ் வேணும்னு, சட்டப் படிப்புக்கு ரூல் போடுற பார் கவுன்சில்ல ரூல் இருக்கு, எல்எல்பில தபால் வழியெல்லாம் செல்லாது. 2024-ல பயோமெட்ரிக் வைங்க, கேமரா வைங்க, பையன் வேலைக்குப் போறானான்னு எழுதி வாங்குங்கன்னு சர்க்குலரே விட்டுட்டாங்க. இப்படி வாங்குன டிகிரிய எடுத்துட்டு நாளைக்கு வக்கீலா என்ரோல் பண்ண வந்து, மாசா மாசம் பிஎஃப் கட்டின கணக்கு மாட்டுச்சுன்னா என்ன பண்ணுவ?"ன்னாரு. நமக்கு பேச்சே வரல.

பணத்த கேட்டுப் போனா மேடம் லீவு, சார் மீட்டிங்கு, இதே கதைதான் நாலு வாரம். ஸ்டேஷன்ல புகார் குடுத்து சிஎஸ்ஆர் (புகார் குடுத்ததுக்கு ஸ்டேஷன்ல தர்ற ரசீது) வாங்கிட்டு அந்தக் காப்பிய காட்டினப்புறம்தான் சர்டிபிகேட் வெளிய வந்துச்சு, டிசி ஓரத்துல டீ கறையோட. பணம் இதுவரைக்கும் 12,000தான் வந்திருக்கு. அடுத்த அட்மிஷனுக்கு நானே அப்ளிகேஷன் போடப் போறேன், சீட் வந்தா வேலைய விடணும், அதுக்கு இப்பவே மாசம் 6,000 தனியா எடுத்து வச்சுட்டு வரேன்.

இந்த மாதிரி எங்கயாவது ஒரிஜினல் குடுத்து வச்சிருந்தீங்கன்னா இந்த வாரமே போய் வாங்கிடுங்க. தனியா போகாதீங்க, குரல் பெருசா இருக்குற மாமா யாராச்சும் இருந்தா கூட்டிட்டுப் போங்க, காலைல புது அட்மிஷனுக்கு ஆளுங்க வந்து உக்காந்திருக்குற நேரமா பாத்து போங்க, அப்பதான் சீக்கிரம் எடுத்துக் குடுத்து அனுப்புறாங்க.