வீட்டிலிருந்தே மருத்துவர்: காணொளி ஆலோசனைச் சேவை ஒன்றின் மதிப்புரை

இராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற என் தந்தைக்காக, கோலாலம்பூரிலிருந்து இயங்கும் ஒரு தனியார் காணொளி மருத்துவச் சேவையைப் பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்தில் உள்ள வீட்டிலிருந்தே பயன்படுத்தி வருகிறோம். நீரிழிவுக்கான தொடர் ஆலோசனைக்கு அது மிகவும் ஏற்றது. தமிழ் பேசும் மருத்துவர் மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாகக் கேமராவின் அருகே காட்டச் சொல்லி, ஒரே மருந்து இரு வேறு வணிகப் பெயர்களில் இருந்ததைக் கண்டுபிடித்தார். நேரில் பார்த்தவர்கள் எவரும் அதைக் கவனித்ததில்லை. ஆனால் பாதத்தின் உணர்ச்சியை மெல்லிழையால் தொட்டுச் சோதிக்க எப்படியும் கிளினிக்குக்குத்தான் போக வேண்டியுள்ளது.

மாநில எல்லை இங்கே தடையில்லை; மலேசிய மருத்துவ மன்றத்தில் பதிவுபெற்று, நடப்பாண்டுப் பணிச் சான்றிதழும் வைத்திருந்தால் போதும். அமெரிக்காவிலோ மருத்துவ உரிமத்தை அந்தந்த மாநிலமே வழங்குவதால், முன்னாள் படைவீரர்களுக்காகத் தனிச் சட்டமே தேவைப்பட்டது. 2018 இல் இயற்றப்பட்ட மிஷன் சட்டத்தின்படி, படைவீரர் நலத்துறையின் மருத்துவர், தாமும் நோயாளியும் எந்த மாநிலத்தில் இருந்தாலும், நோயாளி தம் வீட்டிலேயே இருந்தாலும், தொலைவிலிருந்து சிகிச்சை அளிக்கலாம். தனியாரிடம் பணம் கொடுத்து இதைப் பெறும் எங்களுக்கு அந்த ஏற்பாடு சற்றுப் பொறாமையூட்டுவதே.

முன்பதிவுத் திரை மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருப்பதால், பிள்ளைகளின் துணையின்றி அப்பாவால் உள்நுழைய முடிவதில்லை. ஆலோசனைக் கட்டணம் நியாயமானது. மருந்தை வீட்டுக்கு அனுப்புவதற்கான தொகையைக் கடைசித் திரையில்தான் காட்டுகிறார்கள்.