பிழையை எந்த வடிவில் ஒப்படைப்பது? மாட்யூல் எல்லையில் நான்கு வழிகள்

மாட்யூல்கள் எனப்படும் தனித்தனி நிரல் பகுதிகள் பலவற்றை இணைத்து எழுதப்படும் ஒரு ஃப்ரேம்வொர்க்கில் (பிற நிரல்களுக்கு அடித்தளமாகும் மென்பொருளில்), ஒரு மாட்யூலுக்குள் நேரும் தவறு அதன் வாசலைத் தாண்டும் வரை அதை எழுதியவரின் பொறுப்பு மட்டுமே. தாண்டிய பிறகு அது அழைத்தவருடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பகுதியாகிவிடுகிறது. ஆயினும் நான் படித்த வடிவமைப்பு ஆவணங்கள் பலவற்றில் ஃபங்ஷன்களின் உள்ளீடும் வெளியீடும் பக்கம் பக்கமாக விளக்கப்பட்டிருக்க, தோல்வி நேர்ந்தால் எது திரும்பி வரும் என்பது ஒரே வரியில் முடிந்துவிடுகிறது.

அந்த ஒரு வரியின் கனம் என்ன என்பதை 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரு ஏவுதளத்தில் நடந்தது காட்டுகிறது. அன்று முதன்முறையாகப் புறப்பட்ட ஏரியான் 5 ராக்கெட்டில், ராக்கெட்டின் நிலையையும் திசையையும் கணக்கிடும் மாட்யூல் ஏரியான் 4-லிருந்து எடுத்துப் பயன்படுத்தப்பட்டிருந்தது. புதிய ராக்கெட்டின் கிடைவேகம் மிகுதியாக இருந்ததால், 64 பிட் மிதவைப் புள்ளி எண் (தசமப் பகுதியுள்ள எண்) ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும்போது மதிப்பு அடங்காமல் போனது. மென்பொருள் அந்தப் பிழையைக் கண்டுபிடித்தது. விவரக்குறிப்பில் எழுதியிருந்தபடி பிழைத் தகவலை வெளியே அனுப்பிவிட்டு நின்றுபோனது. ஆனால் அந்தத் தகவல் வழக்கமான அளவீடுகள் செல்லும் அதே பாதையில் சென்றதால், முதன்மைக் கணினி அதைப் பறத்தல் தரவு என்று எடுத்துக்கொண்டு, இல்லாத ஒரு விலகலைத் திருத்த என்ஜின்களின் வெளியேற்றப் புனல்களைத் திருப்பியது. புறப்பட்டுச் சுமார் நாற்பது நொடிகளுக்குள் ராக்கெட் சிதறியது.

பிழையைக் கண்டறிவதில் அங்கே குறை இருக்கவில்லை. பிழைச் செய்தியை மதிப்பிலிருந்து பிரித்தறிய வழியில்லாததே குறை. ஆகவே எந்த முறையை எடைபோட்டாலும் நான் முதலில் கேட்பது, அழைத்தவர் பிழையை மதிப்பென்று நம்பிவிட வாய்ப்புண்டா என்பதைத்தான். சத்தமில்லாமல் அதைப் புறக்கணிக்க முடியுமா, உள்ளே இருக்கும் மாட்யூலின் அந்தரங்கம் பிழை வழியாக வெளியே கசிகிறதா என்பவை அடுத்த கேள்விகள்.

முதல் கேள்வியில் மிகவும் பலவீனமானது, பிழையை ஓர் எண்ணாகத் திருப்பும் முதல் முறை. எழுத்துகளை எண்ணாக மாற்றும், சி மொழியின் ஏடூஐ ஃபங்ஷனுக்குப் பூஜ்ஜியம் என்ற எழுத்தைக் கொடுத்தாலும், எண்ணே இல்லாத குப்பையைக் கொடுத்தாலும் திரும்பி வருவது பூஜ்ஜியம்தான். மாட்யூல்களை இணைப்பதற்கான மைக்ரோசாஃப்டின் காம் கட்டமைப்பு இதை ஓரளவு ஒழுங்குபடுத்தியது. அதன் 32 பிட் விடையில் வெற்றியா தோல்வியா என்பதற்கு ஒரு பிட், எந்தத் துணை அமைப்பில் நேர்ந்தது என்பதற்கு ஒரு பகுதி, குறிப்பிட்ட பிழைக்கு 16 பிட்கள் என்று இடம் வகுக்கப்பட்டது. இருந்தும், காரணத்தைச் சொல்ல விரும்பாத மாட்யூல்கள் பொதுவான தோல்வியைக் குறிக்கும் 80004005 என்ற பதினறும எண்ணைத் திருப்பின. விண்டோஸில் பணியாற்றிய எவரும் அந்த எண்ணோடு சில மணி நேரமாவது போராடியிருப்பார்கள். இவ்வளவுக்குப் பிறகும் இம்முறை வழக்கொழியாததற்குக் காரணம், எந்த மொழியில் எழுதிய மாட்யூலும் எண்ணைப் புரிந்துகொள்ளும் என்பதே.

இரண்டாவது, ஃபங்ஷன் விடை தராமல் பிழையை எறிந்துவிட, மேலே யாராவது அதைப் பிடிக்கும் எக்செப்ஷன் முறை. இதில் பிழை மதிப்போடு கலக்க வழியே இல்லை. அது வேறு பாதையில் பயணிக்கிறது. ஆனால் அந்தப் பாதை கண்ணுக்குத் தெரிவதில்லை. ஜாவா இதற்குச் சொன்ன தீர்வு, ஒரு ஃபங்ஷன் எந்தெந்த எக்செப்ஷனை எறியும் என்பதை அதன் அறிவிப்பிலேயே எழுதக் கட்டாயப்படுத்துவது. நோக்கம் உயர்ந்தது என்றே இன்றும் கருதுகிறேன். ஆனால் மாட்யூல்கள் அடுக்கடுக்காக அமையும்போது, அடியில் ஒன்று புதிய எக்செப்ஷன் ஒன்றைச் சேர்த்தால் மேலே உள்ள ஒவ்வொரு அறிவிப்பும் மாற வேண்டியிருக்கிறது. அதைத் தவிர்க்க எல்லாவற்றையும் பொதுவான எக்செப்ஷன் என்று அறிவித்துவிடுவது பழக்கமாகி, கட்டாயத்தின் பயன் மறைந்துவிடுகிறது. பின்னர் வந்த சி ஷார்ப், கோட்லின் மொழிகள் இந்தக் கட்டாயத்தை ஏற்கவில்லை.

கசிவு பற்றிய கேள்விக்கு இந்தப் பிரிவில் சிறந்த விடை ஜாவாவின் ஸ்பிரிங் ஃப்ரேம்வொர்க்கினுடையது. தனித்துவமாக இருக்க வேண்டிய ஒரு மதிப்பு தரவுத்தளத்தில் இரண்டாம் முறை வந்துவிட்டால் மைஎஸ்க்யூஎல் 1062 என்கிறது, போஸ்ட்கிரெஸ் 23505 என்கிறது, ஆரக்கிள் தன் பிழைப் பட்டியலின் முதல் எண்ணைத் தருகிறது. ஸ்பிரிங் இம்மூன்றையும் பிடித்து, இரட்டைச் சாவி என்ற பொருளுடைய ஒரே எக்செப்ஷனாக மொழிபெயர்த்து மேலே அனுப்புகிறது. மூலப் பிழை, எதனால் எது நேர்ந்தது என்று கோக்கும் காரணச் சங்கிலியில் பத்திரமாக இருக்கிறது. தரவுத்தளத்தை மாற்றினாலும் மேலடுக்கின் பிழை கையாளும் நிரல் மாற வேண்டியதில்லை. எல்லையில் மொழிபெயர்ப்பு என்ற இந்த ஒழுக்கத்தைத் தங்கள் மொழி எதுவானாலும் ஃப்ரேம்வொர்க் எழுதுபவர்கள் ஊன்றிக் கற்க வேண்டும்.

பிழையைச் சாதாரண மதிப்பாகவே திருப்பி, ஆனால் தனி வகையாக வைத்திருக்கும் மூன்றாவது முறையில் கோ, ரஸ்ட் ஆகிய மொழிகள் அருகருகே நின்றாலும் வேறுபாடு பெரிது. கோ மொழியில் விடையும் பிழையும் இரண்டு தனி மதிப்புகளாக வருகின்றன. பிழையைப் பார்க்காமலேயே விடையை எடுத்துக்கொள்ளக் கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) அனுமதிக்கிறது. ரஸ்டின் ரிசல்ட் வகையில் இரண்டில் ஒன்றுதான் உள்ளே இருக்கும். திறந்து பார்க்காமல் விடை கைக்கு வராது, திறக்காமலே விட்டுவிட்டால் கம்பைலர் எச்சரிக்கும். ஏரியான் நிகழ்ச்சியை மனத்தில் வைத்துப் பார்த்தால் என் சாய்வு தெளிவாக ரஸ்டின் பக்கம். அதன் கேள்விக்குறிக் குறியீடு 2016-இல் வந்தபின், பிழையை மேலே அனுப்புவது ஓர் எழுத்து வேலையாகிவிட்டது. அதைவிட மதிப்புள்ளது, அந்தக் குறியீடு ஒரு மாட்யூலின் பிழை வகையை மற்றொன்றின் வகையாக மாற்றும் விதியைத் தேடுவதும், விதி இல்லாவிட்டால் நிரல் கம்பைல் ஆகாததும். ஸ்பிரிங்கில் ஒழுக்கமாக இருந்த மொழிபெயர்ப்பு இங்கே கட்டாயமாகிறது.

கோ மொழியில் 2019-இன் 1.13 பதிப்பிலிருந்து, ஒரு பிழையை இன்னொன்றுக்குள் பொதிந்து அனுப்பவும், வெளியிலிருந்து உள்ளே தேடவும் வழி உண்டு. வசதியானதுதான். ஆனால் உள்ளே பொதிந்ததை அழைத்தவர் தேடத் தொடங்கிய நாளிலிருந்து, அதுவும் மாட்யூலின் ஒப்பந்தமாகிவிடுகிறது. பின்னர் உள்நூலகத்தை மாற்றினால் எங்கோ ஒருவரின் நிரல் உடையும்.

நான்காவது முறை, எரிக்சன் நிறுவனத்தின் தொலைபேசி இணைப்பகங்களுக்காக உருவான எர்லாங் மொழியினுடையது. பிழை கண்ட புரோசஸ் (தனித்து இயங்கும் நிரல் ஓட்டம்) தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முயலாமல் இறந்துவிடுகிறது. அதைக் கண்காணிக்கும் மற்றொரு புரோசஸ் அதை மீண்டும் தொடங்குகிறது. குறிப்பிட்ட நேரத்துக்குள் மறுதொடக்கங்கள் அளவு மீறினால் கண்காணிப்பவரும் விலகி, பொறுப்பை மேலே தள்ளுகிறார். அந்த இறுதி விதிதான் இம்முறையின் உயிர். ஏரியானிலும் பிழை கண்ட கணினி நின்றுபோனது, மாற்றுக் கணினியும் இருந்தது. ஆனால் அதில் ஓடியதும் அதே மென்பொருள் என்பதால் அதே காரணத்துக்காக அது ஏற்கெனவே நின்றிருந்தது. தற்காலிகக் கோளாறை மறுதொடக்கம் தீர்க்கும். கணக்கிலேயே உள்ள தவறைத் தீர்க்காது. எனவே இதை மற்ற மூன்றுக்கும் போட்டியாகக் கருதாமல், அவற்றுக்கு வெளியே போடப்படும் வேலியாகவே கருதுகிறேன்.

என் தேர்வு: மாட்யூல் எல்லையில் ரிசல்ட் போன்ற வகை, அதற்குள் மிகச் சில பிழை இனங்கள். அந்த இனங்களைத் தவறு எங்கே நடந்தது என்பதைக் கொண்டு பிரிப்பது வழக்கம்; அழைத்தவர் அடுத்து என்ன செய்யலாம் என்பதைக் கொண்டு பிரிப்பதே பயனுள்ளது. சேவைகள் வலைவழி ஒன்றையொன்று அழைக்க உதவும் ஜிஆர்பிசி ஃப்ரேம்வொர்க்கின் நிலைக் குறியீடுகள் 0 முதல் 16 வரை மட்டுமே. அவற்றுள் ஒன்று அதே அழைப்பை மட்டும் மீண்டும் முயலலாம் என்றும், மற்றொன்று முழுப் பரிவர்த்தனையையும் தொடக்கத்திலிருந்து செய்ய வேண்டும் என்றும், இன்னொன்று அமைப்பின் நிலை சரிசெய்யப்படும் வரை முயல்வதில் பயனில்லை என்றும் பொருள்படும்படி அதன் ஆவணம் வகுக்கிறது. அழைத்தவருக்குத் தேவையான தகவல் இதுவே.

லாகில் (நிரலின் நிகழ்வுப் பதிவேட்டில்) எழுதும் பொறுப்பையும் இதோடு சேர்த்தே தீர்மானிக்க வேண்டும். நான் முன்பு பணியாற்றிய ஓரிடத்தில், ஒவ்வொரு மாட்யூலும் பிழையை லாகில் எழுதிவிட்டு மேலே எறிந்துகொண்டிருந்ததால், ஒரே கோளாறு பல கோளாறுகளாகத் தெரிந்தது; இரவுப் பணியில் இருந்தவர்கள் எதை முதலில் பார்ப்பது என்று தெரியாமல் திணறினார்கள். அதன் பிறகு நாங்கள் வைத்துக்கொண்ட விதி எளியது: பிழையை மேலே அனுப்புபவர் தன் சூழலைக் காரணச் சங்கிலியில் சேர்க்கலாம், லாகில் எழுதக் கூடாது, பிழையின் பயணம் எங்கே முடிகிறதோ அங்கே ஒருமுறை மட்டும் எழுத வேண்டும்.

வேற்றுமொழியில் எழுதப்பட்ட நீட்சிகளை ஏற்கும் ஃப்ரேம்வொர்க்கில் மட்டும் வெளிவாசலில் எண்ணுக்கே திரும்ப வேண்டியிருக்கும். அங்கே விடைக்குத் தனி இடம், இனத்துக்கு ஓர் எண், மனிதர் படிக்க ஒரு சரம் (எழுத்துகளின் தொடர்) என மூன்றையும் பிரித்து வைத்து, அந்தச் சரத்துக்கான நினைவகத்தை விடுவிப்பது யார் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.