நாய் விசுக்கோத்துக்கு ஒரு மேசைப் போறணை

எங்கள் வீட்டு வீமன் ஓர் ஊர்நாய். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு, நாய்களுக்கென்று வரும் இறக்குமதி விசுக்கோத்துப் பொதிகளின் விலை எங்கள் வீட்டுக் கணக்குக்குள் அடங்கவில்லை. வீட்டிலேயே செய்துகொள்வோம் என்ற முடிவோடு, சென்ற தைப்பொங்கல் கழிந்த கையோடு யாழ். நகரிலுள்ள மின்சாதனக் கடையொன்றில் 30 லீற்றர் கொள்ளளவுள்ள மேசைப் போறணை ஒன்றை 28,500 ரூபாவுக்கு வாங்கினேன். இத்தகைய போறணைகளில் கேக் எப்படி வரும் என்று எழுதியவர்கள் பலர். மீனும் குரக்கனும் வேகும்போது இது எப்படி நடந்துகொள்கிறது என்பதே இங்கு என் பேச்சு.

முதலில் மின்சாரம். போறணை 1500 வாட் இழுக்கிறது. நமது 230 வோல்ற்றில் அது ஆறரை அம்பியருக்குச் சற்று மேல். எங்களுடையதைப் போன்ற பழைய வீடுகளில் சமையலறைச் சுவரில் இருப்பது 5 அம்பியர் உருண்டைத்துளைப் பொருத்தி. போறணையோடு வருவதோ 13 அம்பியர் சதுரமுனைச் செருகி. கடைக்காரர் இடைப்பொருத்தி ஒன்றை இலவசமாகவே நீட்டினார். அதைக் கொண்டு ஒரு மணி நேரம் ஓட்டியிருந்தால் சுவர் கருகியிருக்கும் என்று எங்கள் மின்வேலைக்காரர் திட்டிவிட்டு, தனிக் கம்பி இழுத்துப் புதிய பொருத்தி பூட்டித் தந்தார். அந்தச் செலவையும் விலையோடு சேர்த்தே எண்ணிக்கொள்ள வேண்டும்.

இனி வெப்பம். மேலும் கீழும் இரண்டிரண்டு சூடேற்றும் கோல்கள், 250 பாகை வரை எழுதிய திருகி, 60 நிமிட மணிக்கூடு. காற்றைச் சுழற்றும் விசிறி கிடையாது. திருகியை 150 இல் வைத்து, தனியே வாங்கிய வெப்பமானியைப் பின்பக்க வலது மூலையில் நிறுத்திப் பார்த்தபோது முள் 175 ஐத் தொட்டு நின்றது. கதவருகில் அதே நேரத்தில் 145. கேக்கானால் இந்த வேறுபாட்டை ஓரளவு மறைத்துவிடலாம். நாய் விசுக்கோத்து கால் அங்குலத் தடிப்பில் தட்டையாகக் கிடப்பதால், முதல் நாள் பின்வரிசை கரியாகவும் முன்வரிசை பிட்டுப் போல ஈரமாகவும் வெளியே வந்தன. வீமன் இரண்டையும் ஒரே வேகத்தில் தின்றான் என்பதால், இந்த மதிப்பீட்டில் அவனுடைய சாட்சியத்தை நான் ஏற்கவில்லை. இப்போது திருகியை எழுத்துக்கு இருபது பாகை குறைத்து வைத்து, தட்டை இரண்டாம் படியில் ஏற்றி, பாதி நேரத்தில் முன்பின்னாகத் திருப்புகிறேன்; நிறம் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது.

நான் செய்வது இது. பாஷையூரில் காலையில் வாங்கும் சூடை மீன் கால் கிலோவை உப்பில்லாமல் அவித்து, முள்ளை ஒவ்வொன்றாக நீக்கிப் பிசைந்து, ஒன்றரைச் சுண்டு குரக்கன் மா, அரைச் சுண்டு கோதுமை மா, அவித்த பூசணி ஒரு பிடி, ஒரு முட்டை ஆகியவற்றோடு குழைக்கிறேன். குரக்கனில் பசைத்தன்மை இல்லாததால் அதை மட்டும் குழைத்தால் உருட்டும்போதே வெடித்து உதிரும், அதற்காகவே கோதுமை. கருவாடு மலிவென்று ஒருமுறை ஊறவைத்துப் பார்த்தேன். மூன்று தண்ணீர் மாற்றியும் உப்புப் போகவில்லை, விட்டுவிட்டேன். மீனென்றால் வெங்காயமும் உள்ளியும் போடாமல் நமது கை நிற்காது. ஆனால் அவை இரண்டும், வேகவைத்தாலும் தூளாக்கினாலும், நாயின் செங்குருதிக் கலங்களைச் சிதைப்பவை; ஆகவே அரிந்த பலகையைக்கூட வேறாக வைத்திருக்கிறேன்.

உண்மையான 160 பாகையில் 25 நிமிடம் வெந்தபின், வெப்பத்தை 100 இற்கு இறக்கி, கதவை அரை விரல் திறந்து வைத்து மேலும் 40 நிமிடம் காயவிட வேண்டும். இந்த இரண்டாம் கட்டத்தில்தான் இந்தப் போறணை தன் விலைக்கு நியாயம் செய்கிறது. அடுப்பில் தோசைக்கல்லின் மீது சுட்டெடுத்தவை மூன்றாம் நாளே பூஞ்சணம் பிடித்தன. இதில் காய்ந்தவை கைக்குள் டக்கென்று முறிகின்றன, இறுக்கமான தகரப்பேணியில் ஒரு வாரம் கெடாமல் இருக்கின்றன. கார்த்திகை மழைக்காலத்தில் மட்டும் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கிறேன். ஒரு தடவைக்கு முழு நேரமும் கோல்கள் எரிந்தாலே ஒன்றரை அலகு சொச்சம்தான். இடையிடையே தானாக அணைவதால் அதனிலும் குறையும். கிடைப்பவை சிறிய போத்தல் மூடியளவில் எண்பது வரை. இத்தகைய தின்பண்டம் நாயின் அன்றாட உணவுச் சக்தியில் பத்திலொன்றைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான விதி. வீமனின் உடம்புக்கு நாளுக்கு நான்கைந்து போதும்.

குறைகளில் பெரியது மணம். உள்தகட்டில் மீனெண்ணெய் தெறித்து, அடுத்த தடவை சூடேறும்போது வீடு முழுவதும் குருநகர்க் கரையாகிவிடுகிறது. தேசிக்காய்ச் சாறும் வெந்நீரும் ஒரு கிண்ணத்தில் வைத்துப் பத்து நிமிடம் ஓட்டித் துடைத்தால் பெரும்பாலும் போகும். கோல்களுக்குப் பின்னால் கை எட்டாத இடத்தில் போகாது. “உந்தத் தட்டிலை இனி என்ரை கேக்கை வைக்காதை, பிள்ளை” என்று அம்மா முதல் வாரமே சொல்லிவிட்டார். மேலதிகத் தட்டு தனியாக விற்பனைக்கு இல்லை, அளவு கொடுத்துத் தகரத்தில் செய்வித்தோம். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் எங்கள் வீட்டுக்குள் மீனும் முட்டையும் வருவதில்லை. அந்நாட்களில் அவித்த பயறும் பூசணியும் குரக்கனும் மட்டுமே. அவை காய ஒரு மணி நேரம் பிடிக்கிறது.

எட்டாம் மாதத்தில் கதவின் சுருள்வில் தளர்ந்தது. ஓராண்டு உத்தரவாதம் இருந்தும், வாங்கிய அன்று அட்டையில் முத்திரை குத்தப்படவில்லை என்று கடையில் கைவிரித்துவிட்டார்கள். வாங்குகிறவர்கள் முத்திரையைப் பார்த்துவிட்டே படியிறங்குவது நல்லது. பக்கத்து ஒழுங்கையில் மின்விசிறி திருத்துபவர் 600 ரூபாவுக்கு வேறொரு வில்லைப் போட்டுத் தந்தார். கதவு இப்போது முன்னையைவிட இறுக்கமாக மூடுகிறது. ஆனால் அரை விரல் திறந்து நிற்க மறுப்பதால், காயவிடும் 40 நிமிடமும் ஒரு மர அகப்பையின் காம்பை இடையில் செருகி வைக்கிறேன்.