பெட்ஸ் படமா, போல்ட் படமா?

லீவுக்கு வந்த அக்கா பிள்ளைகளுக்கு 'தி சீக்ரெட் லைஃப் ஆஃப் பெட்ஸ்' (2016), 'போல்ட்' (2008) இரண்டையும் போட்டுக் காட்டினேன். இரண்டிலும் செல்ல நாய்கள் வீட்டை விட்டு விலகி நியூயார்க்கில் மாட்டிக்கொள்கின்றன. அனிமேஷனில் இரண்டுமே குறை சொல்ல முடியாதவை. ஆனால் எங்கள் வீட்டில் நிலைத்தது 'போல்ட்'தான்.

முதல் தடவை பார்க்கும்போது 'பெட்ஸ்' முந்திக்கொள்கிறது. வீட்டுக்காரர் கதவைச் சாத்தியதும் ஒரு பூடில் நாய் ஹெவி மெட்டல் பாட்டைப் போட்டு ஆடுகிறது, இன்னொரு நாய் மாவு கலக்கும் மிக்ஸருக்கு அடியில் படுத்து முதுகைப் பிடித்துவிட்டுக்கொள்கிறது. பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். அப்புறம் கதையின் நாயக நாய்களான மேக்ஸும் டியூக்கும் நாய்பிடி வண்டியில் சிக்க, ஸ்னோபால் என்ற முயலின் சாக்கடைக் கூட்டம் வர, துரத்தலோ துரத்தல். மறுபடி போட்டால் அந்த ஆரம்பக் காட்சிகளை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள்.

குழந்தைகள் படத்துக்கு நான் பார்ப்பது இதைத்தான்: திரும்பத் திரும்பப் போட்டாலும் தாங்குமா? போல்ட் டிவி தொடரில் நடிக்கும் நாய். தன் அபூர்வ சக்தியெல்லாம் நிஜம் என்று நம்புகிறது. ஹாலிவுட்டிலிருந்து தவறுதலாகப் பார்சலாகி நியூயார்க்கில் வந்து விழுகிறது. சக்தி வேலை செய்யவில்லையா? பெட்டியில் இருந்த தெர்மோகோல்தான் காரணம் என்று முடிவுகட்டிவிடுகிறது! உண்மை தெரிந்த பிள்ளைகளுக்கு இரண்டாவது தடவையில் இந்த வீறாப்பு இன்னும் பெரிய சிரிப்பு. போதாததற்கு, அந்தத் தொடரை அப்படியே நம்பும் ரைனோ என்ற வெள்ளெலி வேறு பிளாஸ்டிக் பந்துக்குள் உருண்டு வந்து சேர்கிறது. குடும்பம் வீடு மாறியபோது நகம் நீக்கப்பட்ட மிட்டன்ஸ் பூனையை விட்டுவிட்டுப் போன கதை வரும் இடத்தில் மட்டும் சத்தமே இல்லை. பெரியவள் அன்று ராத்திரி வரை அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

நகரம்தான் வேண்டும் என்றால் 'பெட்ஸ்' எடுங்கள். 'போல்ட்' சீக்கிரமே லாரி ஏறி மேற்கே கிளம்பிவிடுகிறது. பயம் விஷயத்தில் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, எங்கள் கடைக்குட்டிக்கே ஏழு வயது. 'பெட்ஸ்' சாக்கடையில் ஒரு பெரிய பாம்பு வரும். 'போல்ட்' தொடக்கத்தில் வெடிச்சத்தம், கடைசியில் தீ விபத்து. அதற்காக அந்த வெடிச்சத்தக் காட்சியைத் தள்ளிவிட்டுப் போடாதீர்கள். அது டிவி தொடரின் காட்சி என்பது பிடிபட்டால்தான் மீதிக் கதை புரியும். சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் போதும்.