சொல்யூஷன் கையும் ஃபைல் தேடலும்: இரண்டு வருஷ அனுபவம்

பேர்ணாம்பட்டில் ஷூ அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, ஜாப் ஒர்க் செய்கிற சின்னப் பட்டறை எங்களுடையது. தோல் விளிம்பை மடித்து ஒட்டும்போது பத்து விரலிலும் சொல்யூஷன் பசை இருக்கும். கம்ப்யூட்டரில் பேட்டர்ன் ஃபைலைப் பார்க்கிற அவசரமும் சரியாக அந்த நேரத்தில்தான் வரும். ஒரே வருஷத்தில் மூன்று மவுஸ் பிசுபிசுத்துச் செத்ததைப் பார்த்த அக்கா மகன், "மாமா, கையைக் காட்டினாலே ஃபைல் திறக்கிற மாதிரி செஞ்சு தரேன்" என்றான். ஒரு சாதாரண வெப்கேம், கூகுள் 2019இல் இலவசமாக வெளியிட்ட மீடியாபைப் என்ற மென்பொருளின் கை கண்டறிதல். வேறு செலவில்லை. அது கையில் 21 புள்ளிகளைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிடும். எந்த அசைவுக்கு என்ன அர்த்தம் என்று நாம்தான் வைக்க வேண்டும். தலைவலி அங்கேதான்.

முதலில் கையை வீசினால் அடுத்த ஃபைல் என்று வைத்தான். வீசிய கை திரும்பி வர வேண்டுமே! அதையும் கட்டளையாக எடுத்துக்கொண்டு பழைய ஃபைலுக்கே போய் நிற்கும். அதைவிடக் கொடுமை, நான் கையை ஆட்டாமல் பேசத் தெரியாதவன். தோல் மண்டி பாய் பாக்கி கேட்டு வந்தார். "அடுத்த வாரம் பாய்" என்று கையை விரித்தேன். திரையில் ஃபோல்டர்கள் ஓடின, கையசைவோடு இணைத்திருந்த ஃபேனும் மேலே நின்றது. "இன்னாண்ணே, பேய் பூந்துகிச்சா?" என்றான் கட்டிங் பையன். சும்மா ஆட்டுகிற கையையும் கட்டளையாக எடுத்துக்கொள்கிற இதை, இந்த வேலையில் இருப்பவர்கள் மைடாஸ் தொடுகை என்கிறார்கள். தொட்டதெல்லாம் பொன்னாகி, சோறு தின்ன முடியாமல் தவித்த ராஜாவின் கதைதான்.

வீச்சைத் தூக்கிவிட்டுக் கிள்ளலுக்கு மாறினோம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்தால் பிடி. அப்படியே இழுத்தால் பட்டியல் நகரும், விரல் பிரிந்தால் நிற்கும். திரும்பி வருகிற கைக்கு வேலையே இல்லை. இதிலும் ஒரு சிக்கல். தள்ளி நின்றால் கை சின்னதாகத் தெரியும். திறந்த விரல்களையும் கிள்ளியதாக எண்ணிக்கொள்ளும். அதனால் விரல் இடைவெளியை உள்ளங்கை நீளத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. அப்புறம், பிடிக்க ஓர் அளவு, விட அதைவிடக் கொஞ்சம் பெரிய அளவு. இரண்டுக்கும் ஒரே அளவாக இருந்தபோது விரல் லேசாக நடுங்கினாலே பிடி விட்டு விட்டு வந்தது.

பத்து நாளில் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. கையை அந்தரத்தில் வைத்திருந்தால் வருகிற இந்த வலிக்குக் கொரில்லா கை என்று பெயராம். கேமராவை மேஜை மட்டத்துக்கு இறக்கி, முழங்கையை ஊன்றிக்கொண்டு செய்கிற மாதிரி மாற்றியதும் சரியாயிற்று. திரையில் இப்போது ஆறே கட்டங்கள், ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். பிடித்ததும் மஞ்சள் ஓரம், கூடவே 'டிக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் இல்லாதபோது, பிடித்ததா இல்லையா என்று தெரியாமல் திரும்பத் திரும்பக் கிள்ளிக்கொண்டிருந்தேன்.

ஃபேன், லைட், பாட்டு மூன்றுக்கும் விரித்த கையை ஒரு விநாடி அசைக்காமல் காட்ட வேண்டும். பேசுகிற கை ஒரு விநாடி சும்மா இருக்காது, அதுதான் பாதுகாப்பு. கட்டிங் மெஷினையும் சேர்க்கலாமா என்று பையன் கேட்டான். கத்தி வைத்து அடிக்கிற மெஷினில் இந்த விளையாட்டே வேண்டாம் என்றுவிட்டேன். ஃபைலை அழிக்கவும் கையசைவு கிடையாது.

குறைகள் தீரவில்லை. மேற்கு ஜன்னலில் வெயில் ஏறினால், அதுவும் மே மாதத்தில், கேமராவுக்குக் கண் கூசிவிடும். திரைச்சீலை போட வேண்டும். கறுப்புச் சாயம் அப்பிய கையைப் பல சமயம் கை என்றே ஒத்துக்கொள்ளாது. பக்கத்தில் இன்னொருவர் நின்றால் யார் கை என்று குழம்பும். பில் போட, ஃபைலுக்குப் பெயர் வைக்க, இன்னமும் கையைக் கழுவிக்கொண்டு கீபோர்டுக்குத்தான் போகிறேன். நாலாவது மவுஸ் பாலிதீன் கவரோடு அங்கேயே இருக்கிறது.