பழைய கைக்கருவிகள்: வீடு மாறுகிறவர்களிடமா, வியாபாரியிடமா, புதுசா?

மரவேலைக்குக் கைக்கருவி சேர்க்க மூன்று வழிகள் உண்டு. வீடு மாறுகிறவர்கள் வாசலில் பரப்பி வைத்து விற்கும் சாமான்களில் தேடலாம். பழைய கருவிகளை வாங்கிச் சீர்செய்து விற்கும் வியாபாரியிடம் போகலாம். கடையில் புதிதாகவே வாங்கிவிடலாம். எது மலிவு என்ற கேள்வியோடு பலரும் நின்றுவிடுகிறார்கள். எந்தக் கருவி வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்; வழி அதற்கேற்ப மாறும்.

மரத்தைச் சீவி வழவழப்பாக்கும் இழைப்புளி என்றால் தயங்காமல் வீடு மாறுகிறவர்களிடம் போவேன். இரும்பு இழைப்புளியை வடிவமைத்த அமெரிக்கர் லெனார்ட் பெய்லியின் காப்புரிமைகளை, கருவி தயாரிக்கும் ஸ்டான்லி நிறுவனம் 1869-இல் வாங்கியது. அந்த அமைப்பு அடிப்படையில் இன்றும் மாறவில்லை என்பதால் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்தே பார்க்கலாம். ஸ்டான்லி 5-ஆம் எண் இழைப்புளி சுமார் 14 அங்குல நீளம், அலகு (மரத்தைச் சீவும் எஃகுத் தகடு) 2 அங்குல அகலம், கனம் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். இன்றைய உயர்தர இழைப்புளிகளில் அலகு 3 மில்லிமீட்டர் அளவுக்குக் கனமானது. முரட்டு மரத்திலும் அதிராது. இன்றைய உயர்தரத் தயாரிப்புகளான லீ-நீல்சன், வெரிடாஸ் போன்றவற்றின் உடல் எளிதில் உடையாத வார்ப்பிரும்பு. பழையது சாதாரண வார்ப்பிரும்பு, கீழே விழுந்தால் விரிசல் விடும். பெட்டியைத் திறந்ததும் வேலை தொடங்க வேண்டும், செலவைப் பற்றிக் கவலையில்லை என்பவருக்கு உயர்தரப் புதுசு அருமையான பொருள். ஆனால் மலிவான புதுசு? அடிப்பாகம் சமமாக இருக்காது, திருகுகள் ஆடும். அதைச் சீராக்கும் உழைப்பைப் பழைய ஸ்டான்லிக்கோ, ரெக்கார்டு என்ற ஆங்கிலேயத் தயாரிப்புக்கோ கொடுத்தால் பல மடங்கு நல்ல கருவி கிடைக்கும்.

பார்க்கும் முறை இதுதான். முதலில் கவிழ்த்து, அலகு வெளிவரும் வாயின் மூலைகளை விரலால் துடைத்துப் பாருங்கள். மயிரிழை விரிசல்கள் பெரும்பாலும் அங்கேயும் பக்கச் சுவரிலும்தான் ஒளிந்திருக்கும். விரிசல் இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். அடுத்து அலகைக் கழற்றி, நீள்துளைக்கும் கூர்முனைக்கும் நடுவே எவ்வளவு எஃகு மிச்சம் என்று பாருங்கள். அலகைத் தாங்கும் சாய்வுப் பகுதிக்குப் பின்னால் 1902, 1910 காப்புரிமைத் தேதிகள் வார்ப்பிலேயே இருந்தால் அது 1910-க்குப் பிறகு செய்தது. தேதி இல்லாததும் நன்றாக இழைக்கும். சேகரிப்பவருக்குத்தான் அது முக்கியம்.

மேலே படிந்த துருவும் அழுக்கும் பெரிய விஷயமில்லை. சிட்ரிக் அமிலம் கரைத்த நீரில் சில மணிநேரம் ஊறப்போட்டுத் தேய்த்துக் கழுவி, உடனே துடைத்து எண்ணெய் பூசினால் தெளிந்துவிடும். பாகம் குறைவதுதான் தலைவலி. ஸ்டான்லி திருகுகளின் மரை தனி அளவு. இரும்புக் கடையில் தேடி அலைந்தாலும் பொருந்தாது. இந்த இடத்தில்தான் வீடு மாறும் விற்பனை வியாபாரியை மிஞ்சுகிறது. ஒரு மனிதரின் பட்டறை முழுக்க அங்கேயே கிடப்பதால், காணாமல் போன திருகு பக்கத்து ஆணி டப்பாவில் இருக்க வாய்ப்புண்டு. “அந்த டப்பாக்களையும் பார்க்கட்டுமா?” என்று தயங்காமல் கேளுங்கள்.

கைரம்பத்தில் போட்டி வேறு மாதிரி. இன்று கடைகளில் தொங்கும் ரம்பங்களில் பெரும்பாலானவற்றின் பல்நுனி கடினமாக்கப்பட்டது. அரம் வைத்தால் வழுக்கும். மழுங்கினால் தூக்கிப் போட வேண்டியதுதான். டிஸ்டன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பழைய ரம்பத்தைப் பல் தீட்டித் தீட்டி ஒரு தலைமுறை பயன்படுத்தலாம். பல்வரிசையை ஒரு கண்ணால் நீளவாக்கில் பாருங்கள். மெல்லிய வளைவு நிமிரும். சட்டென்று மடிந்த மடிப்பை நிமிர்த்துவது கைதேர்ந்தவர் வேலை. பல்லடியில் துரு குழி பறித்திருந்தால், பல்லை இடவலம் சாய்க்கும்போது உடையும்.

ஆனாலும் முதல் ரம்பத்தை வியாபாரியிடம், தீட்டியதாகவே வாங்கச் சொல்வேன். கூரான ரம்பம் மரத்தில் எப்படி இறங்கும் என்று கைக்குத் தெரியாமல், மழுங்கியதைத் தீட்டப் பழகுவது இருட்டில் தடவுவதுதான். இரண்டாவது ரம்பத்தை விற்பனையில் எடுத்து அதில் பழகலாம்.

உளியில் எந்தப் பக்கமும் தெளிவான வெற்றி இல்லை. நடுத்தர விலைப் புதிய உளிகளே இன்று நன்றாக இருக்கின்றன. பழையதை எடுப்பதானால் தட்டையான முதுகைப் பாருங்கள். கூருக்கு அருகே அங்கே துருக்குழி இருந்தால், எவ்வளவு தீட்டினாலும் விளிம்பு பல் பல்லாகவே நிற்கும். நுனி நீலம் பாய்ந்திருந்தால், சாணைச் சக்கரத்தில் சுமார் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேறிப் பதம் இறங்கிவிட்டது. அந்த நீலத்தைத் தாண்டித் தேய்க்க நீளம் இருந்தால் மட்டும் எடுங்கள்.

செங்கோணம் பார்க்கும் மூலமட்டத்தைப் புதிதாகவே வாங்கலாம். விற்பனையில் ஒன்று கண்ணை இழுத்தால், நேரான விளிம்புள்ள பலகையும் பென்சிலும் கேட்டு வாங்கி ஒரு கோடு போடுங்கள். மட்டத்தைத் திருப்பி வைத்து அதே புள்ளியிலிருந்து இன்னொன்று போடுங்கள். கோடுகள் பிரிந்தால் வேண்டாம்.

இணையத்தில் படம் பார்த்து வாங்குவதை நான் கடைசியில்தான் வைப்பேன். வாயோர விரிசலும் ரம்பத்தின் மடிப்பும் படத்தில் தெரியாது.

விற்கிறவரிடம் பேசுவதும் முக்கியம். பெரும்பாலும் அவை அப்பாவுடையதோ தாத்தாவுடையதோ. என்ன வேலை செய்தார் என்று கேட்டால், எந்தக் கருவி நன்றாகப் பராமரிக்கப்பட்டிருக்கும் என்பதும் தெரியவரும். அரிய கருவியைச் சாதாரணப் பொருளாக நினைத்துக் கேட்ட விலைக்குத் தருகிறார்கள் என்றால், அதன் மதிப்பைச் சொல்லிவிட்டே வாங்குங்கள். துக்கத்தில் வீட்டை ஒழிக்கிறவர்களின் அறியாமையில் லாபம் பார்ப்பது சரியில்லை.

கையால் சுழற்றித் துளையிடும் கைத்துரப்பணம் கிடந்தால் கட்டாயம் எடுத்துப் பாருங்கள், புதிதாகச் செய்பவர்கள் குறைவு. துளை அலகைப் பிடிக்கும் கிடுக்கிப்பல் இரண்டும் சமமாக மூடுகிறதா, ஒரு திசையில் மட்டும் சுழலவிடும் பூட்டு இரு பக்கமும் வேலை செய்கிறதா என்று சோதியுங்கள். கூடவே இருக்கும் துளை அலகுகளில் நுனித் திருகு தேய்ந்தவற்றை ஒதுக்கிவிடுங்கள். அந்தத் திருகுதான் அலகை மரத்துக்குள் இழுக்கிறது.