டம்மி டக்குக்கு முன் சிகரெட்: குறைப்பதா, வேப்பா, பேட்சா, ஒரேயடியாக நிறுத்துவதா?

மச்சினனுக்கு 30 கிலோ எடை இறங்கியதில் வயிற்றுத் தோல் தொங்கிவிட்டது. அதை வெட்டித் தைக்க (அதுதான் டம்மி டக்) நாள் குறித்தாயிற்று. நாளைக்கு ஒரு பாக்கெட் ஊதுகிற ஆள். "முன்னால 4 வாரம், பின்னால 4 வாரம், ஒண்ணுகூடக் கூடாது" என்றார் டாக்டர். படி இறங்கும்போதே பேரம் தொடங்கிவிட்டது: "மாமா, குறைச்சுக்கிட்டாப் போதாதா?"

போதாது. இந்த ஆபரேஷனில் வயிற்றுத் தோலை விலா எலும்பு வரை அடியிலிருந்து பிரித்து, போர்வையை இழுப்பதுபோல் கீழே இழுத்துத் தைக்கிறார்கள். அடியிலிருந்து வந்த ரத்தக்குழாய்கள் பலவும் அறுபட்டுவிடும். மேலிருந்தும் பக்கங்களிலிருந்தும் வரும் ரத்தத்துக்குத் தையலின் நடுப்பகுதிதான் கடைமடை. நிக்கோட்டின் வாய்க்காலைச் சுருக்கும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடோ, ஹீமோகுளோபினில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். கடைமடை காய்ந்தால் தோல் நீலம் பாய்ந்து, கறுத்து, அழுகும். முகத் தோலை இழுத்துத் தைக்கும் ஃபேஸ்லிஃப்டிலும் இதே சிக்கல்தான்: 1984-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் புகைப்பவர்களுக்குத் தோல் அழுகும் ஆபத்து 12 மடங்கு. கண் இமை ஆபரேஷனில் தோலை இவ்வளவு பிரிப்பதில்லை, ரத்த ஓட்டமும் தாராளம். அங்கே பயம் குறைவு.

20 சிகரெட்டை 5 ஆக்குகிறவர் அந்த ஐந்தையும் அடிவரை இழுப்பார். இதில் கணக்கு மட்டும்தான் குறையும்.

வேப்பில், அதாவது மின்சிகரெட்டில், கார்பன் மோனாக்சைடு தொல்லை இல்லையென்றே சொல்லலாம்; நிக்கோட்டின் அப்படியே இருக்கிறது. போதாததற்கு, இந்தியாவில் 2019 முதல் விற்பனைக்கே தடை. திருட்டுத்தனமாகக் கிடைக்கும் குப்பியில் எவ்வளவு நிக்கோட்டின் என்று யாரைக் கேட்பது?

தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பேட்ச், நிக்கோட்டின் சூயிங்கம் விஷயம்தான் கொஞ்சம் இழுபறி. டென்மார்க்கில் 2003-ல் வெளியான ஓர் ஆய்வில், புகைப்பவர்களுக்கும் புகைக்காதவர்களுக்கும் சிறு காயங்கள் உண்டாக்கிப் பார்த்தார்கள். சீழ் பிடித்தது புகைப்பவர்களின் காயங்களில் 12 சதவீதம், புகைக்காதவர்களின் காயங்களில் 2 சதவீதம். 4 வாரம் நிறுத்தியவர்களுக்கு அது நன்றாகக் குறைந்தது. ஒட்டியது நிக்கோட்டின் பேட்சா, வெறும் பேட்சா என்பதில் வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே சிகரெட்டா பேட்சா என்றால் கண்ணை மூடிக்கொண்டு பேட்ச். ஆனால் அவை சின்னக் கீறல்கள். இழுத்துக் கட்டிய வயிற்றுத் தோல் அல்ல. பிளாஸ்டிக் சர்ஜன்கள் பலர் பேட்ச்சுக்கும் தலையாட்டாததற்குக் காரணம் இதுதான். சிறுநீரில் கோட்டினின் (நிக்கோட்டின் உடம்பில் மாறி உண்டாகும் பொருள்) பார்த்தால் பேட்ச்சும் காட்டிக்கொடுத்துவிடும். சொல்லாமல் ஒட்டிக்கொண்டு போய் நிற்காதீர்கள்.

நிறுத்தியே ஆக வேண்டும், தனியாக முடியாது என்பவர்களுக்கு என் ஓட்டு மாத்திரைக்கு. வரெனிக்லின், புப்ரோபியான் இரண்டிலும் நிக்கோட்டின் கிடையாது. டாக்டர் சீட்டு வேண்டும். வலிப்பு உள்ளவர்களுக்குப் புப்ரோபியான் ஆகாது. நிறுத்தும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்க வேண்டும், அதனால் தேதியைத் தள்ளிப் போட வேண்டியிருக்கலாம். தள்ளட்டுமே, தொப்பை எங்கே ஓடிவிடப்போகிறது? நிறுத்திய ஓரிரு நாளில் கார்பன் மோனாக்சைடு போய்விடும். கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுக்கள் தேறத்தான் வாரக்கணக்கு.

மச்சினன் ஒரு மாதம் தள்ளிப்போட்டு மாத்திரையில் நிறுத்தினான். முதல் பத்து நாள் வீட்டில் யாரும் அவனிடம் பேச முடியவில்லை. ஆபரேஷன் முடிந்து நாலாம் நாள் கட்டைப் பிரித்தபோது டாக்டர் தையலின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். வெளுத்த இடம் இரண்டே நொடியில் சிவந்தது.

"ரத்தம் வருது" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.